மஞ்சள் மாத்திரை தந்த மகராசி

எங்கள் வீட்டுச் சமையலறை அலமாரியில், பருப்பு டப்பாக்களுக்கு மேல் தட்டில், ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கிறது. இப்போது அதில் ஊசி, நூல், பொத்தான், ஹூக் எல்லாம் போட்டு வைத்திருக்கிறேன். ஆனால் 2009-லிருந்து 2012 வரை அதில் மருந்தைத் தவிர வேறொன்றும் இருந்ததில்லை. முக்கியமாக, வெளிர் மஞ்சளில் ஒரு சின்ன மாத்திரை. என் சின்னப் பெண்ணுக்கு இரண்டரை வருஷம் ராத்திரி தோறும் நான் கொடுத்த மாத்திரை அது.

அதை யார் கண்டுபிடித்திருப்பார்கள் என்று அந்த நாளில் எனக்கு ஒரு தரம்கூடத் தோன்றியதில்லை. கடையில் விற்கிறது, டாக்டர் எழுதித் தருகிறார், வாங்கிக் கொடுக்கிறோம், அவ்வளவுதான். போன மாதம்தான் தெரிந்தது. அதுவும் மாத்திரை சாப்பிட்ட அந்தப் பெண்ணின் வாயாலேயே!

அவள் இப்போது பி.பார்ம். மூன்றாம் வருஷம் படிக்கிறாள். மருந்து ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்த ஒரு விஞ்ஞானியைப் பற்றி வகுப்பில் பேச வேண்டுமாம். நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். புத்தகமும் கையுமாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மா, எனக்கு மஞ்சள் மாத்திரை கொடுப்பியே, ஞாபகம் இருக்கா? அதைக் கண்டுபிடிச்சது ஒரு பொம்பளைம்மா. ஊறுகாய்க்குப் புளிப்பு பார்க்கிற வேலையில இருந்தவங்க!"

கீரையை அப்படியே வைத்துவிட்டேன். நான் பிளஸ் டூவோடு நிறுத்தியவள். கெமிஸ்ட்ரி என்றால் பரீட்சைக்கு முதல்நாள் காய்ச்சல் வரும். ஆனால் அன்று அவள் சொன்னதை ராத்திரி பதினொரு மணி வரை கேட்டேன். அதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன், சகோதரிகளே. கூடவே, இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லாத என் தப்பு ஒன்றையும்.

காய்ச்சல் என்றுதான் நினைத்தோம்

2009 கார்த்திகையில் அவளுக்கு நாலரை வயது. இரண்டு வாரமாகக் காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. கும்பகோணத்தில் அடை மழை. மழைக் காய்ச்சல் என்றே நினைத்தோம். ஆனால் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. "கால் வலிக்குதும்மா" என்று ராத்திரியில் அழுவாள். குளிப்பாட்டும்போது பார்த்தால் முழங்காலுக்குக் கீழே அங்கங்கே நீலம் பாரித்த திட்டுகள். எங்கேயும் விழவில்லை, இடித்துக்கொள்ளவும் இல்லை.

எங்கள் தெரு டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, உடனே சென்னைக்குக் கூட்டிப் போகச் சொன்னார். அங்கே எலும்பு மஜ்ஜையைச் சோதித்தார்கள். ரத்தப் புற்றுநோய். குழந்தைகளுக்கு அதிகமாக வருகிற வகை. என் கணவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு அழுகைகூட வரவில்லை.

"இது குணமாகக்கூடிய நோய்தாம்மா. ஆனா இரண்டரை வருஷம் பொறுமையா வைத்தியம் பண்ணணும்" என்றார் டாக்டர் அம்மா. முதல் ஏழெட்டு மாதம் ஊசி, டிரிப், சென்னையில் நாத்தனார் வீட்டு வாசம். அதற்கப்புறம் ஊருக்குத் திரும்பி, வீட்டிலேயே மாத்திரை. ஒரு நாள் அரை மாத்திரை, மறுநாள் ஒன்று. 6-மெர்காப்டோப்யூரின் என்று பெயர். ஆஸ்பத்திரியில் 6-எம்.பி. என்பார்கள். என் வாயில் நுழையாததால் 'மஞ்சள் மாத்திரை' என்றே வைத்துக்கொண்டேன்.

ஊறுகாயில் புளிப்பு பார்த்த கை

அந்த மஞ்சள் மாத்திரையைத் தந்தவர் பெயர் கெர்ட்ரூட் எலியன். 1918-இல் அமெரிக்காவில் நியூயார்க் நகரில் பிறந்தவர். அப்பா பல் டாக்டர். 1929-இல் அங்கே பங்குச் சந்தை சரிந்தபோது அப்பாவின் சேமிப்பெல்லாம் போய்விட்டது. பதினைந்து வயதில், உயிராக நேசித்த தாத்தா வயிற்றுப் புற்றுநோயால் வதைபட்டு இறப்பதைக் கண்ணெதிரே பார்த்தார். இந்த நோய்க்கு மருந்து காண வேண்டும் என்று அப்போதே மனசில் முடிச்சுப் போட்டுக்கொண்டார்.

ஹண்டர் கல்லூரி பெண்களுக்கானது, சம்பளம் கட்ட வேண்டியதில்லை. அதனால்தான் படிக்க முடிந்தது. 1937-இல் பத்தொன்பது வயதிலேயே ரசாயனத்தில் முதல் தரத்தில் தேறினார். மேலே படிக்க உதவிச் சம்பளம் கேட்டு 15 பல்கலைக்கழகங்களுக்கு எழுதினார். ஒன்றிலும் கிடைக்கவில்லை. ஆய்வுக்கூட வேலையும் அமையவில்லை. ஓரிடத்தில், 'நீ வந்தால் ஆண்களின் கவனம் சிதறும்' என்றே சொல்லி அனுப்பிவிட்டார்கள்! அழகாக இருப்பதும் ஒரு குற்றம் போலிருக்கிறது.

வேறு வழியில்லாமல் டைப்பிங், சுருக்கெழுத்துச் சொல்லித்தரும் செக்ரட்டரி பள்ளியில் சேர்ந்தார். ஆறே வாரம்தான். நர்ஸ் மாணவிகளுக்குப் பாடம் எடுக்க மூன்று மாத வேலை ஒன்று வந்தது, ஓடிவிட்டார். பிறகு ஒரு ரசாயன நிபுணரிடம் சம்பளமே இல்லாமல் உதவியாளராகச் சேர்ந்தார். கடைசியில் அங்கே கிடைத்தது வாரம் 20 டாலர். அதைச் சேர்த்து வைத்துத்தான் 1939-இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் நுழைந்தார். அந்த ரசாயன வகுப்பில் அவர் ஒருவர்தான் பெண். பகலில் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி, ராத்திரியிலும் விடுமுறை நாட்களிலும் ஆராய்ச்சி செய்து, 1941-இல் மேல்பட்டம் வாங்கினார்.

அதே 1941-இல்தான் இன்னொரு இடி. கல்யாணம் நிச்சயமாகியிருந்த லெனர்டு என்ற இளைஞர், இதயத்தின் உள்ளுறையில் கிருமி தாக்கி இறந்துபோனார். சில வருஷம் கழித்துப் பெனிசிலின் எல்லோருக்கும் கிடைக்கத் தொடங்கியது. அது அன்றைக்கு இருந்திருந்தால் பிழைத்திருப்பார். சரியான மருந்து சரியான நேரத்தில் இல்லாததன் விலை என்ன என்பது அந்தப் பெண்ணுக்கு அப்படித் தெரிந்தது. எலியன் கடைசி வரை கல்யாணமே செய்துகொள்ளவில்லை.

இரண்டாம் உலக யுத்தம் வந்தது. ஆண்களெல்லாம் போர்முனைக்குப் போனதும் ஆய்வுக்கூடங்களின் கதவு பெண்களுக்கும் கொஞ்சம் திறந்தது. எலியனுக்குக் கிடைத்தது ஓர் உணவுக் கம்பெனியின் பரிசோதனைக் கூடம். ஊறுகாயில் புளிப்பு எவ்வளவு, மயோனைஸில் சேர்க்கும் முட்டை மஞ்சள் கருவின் நிறம் சரியா, ஜாமுக்கு வந்த பழத்தில் பூஞ்சணம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நாம் தினமும் கண்ணாலும் மூக்காலும் செய்கிற வேலைதான்! ஒன்றரை வருஷத்தில், 'இங்கே நான் கற்றுக்கொள்ள இனி ஒன்றுமில்லை' என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

இதற்கப்புறம் அப்பாதான் வழி காட்டினார். பல் வைத்தியத்துக்காக அவருக்கு ஒரு கம்பெனியிலிருந்து வலி மாத்திரை சாம்பிள் வந்திருந்தது. "இந்தக் கம்பெனியில் ஆராய்ச்சி உண்டா என்று கேட்டுப் பாரேன்" என்றார். பரோஸ் வெல்கம் என்ற கம்பெனி அது. நியூயார்க்குக்கு வெளியே டக்கஹோ என்ற சிற்றூரில் ஆய்வுக்கூடம். அங்கே ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் என்பவர் எலியனோடு பேசிப் பார்த்துவிட்டு, 1944-இல் வாரம் 50 டாலர் சம்பளத்தில் சேர்த்துக்கொண்டார். கம்பெனி இடம் மாறியது, அவர் மாறவில்லை. 39 வருஷம், ஓய்வு பெறும் வரை அங்கேதான்.

ஜிப்பில் ஒரு கோணல் பல்

அந்தக் காலத்தில் புது மருந்து தேடுவது பெரும்பாலும் குருட்டாம்போக்குதான். கிடைத்ததையெல்லாம் கொடுத்துப் பார்ப்பது, பலித்தால் அதிர்ஷ்டம். ஹிட்சிங்ஸின் யோசனை வேறு. நம் உடம்பின் செல் ஒன்று இரண்டாகப் பெருக வேண்டுமானால் உள்ளே இருக்கும் மரபுப் பொருளை நகல் எடுத்தாக வேண்டும். அதற்குப் ப்யூரின் போன்ற மூலப்பொருள்கள் வேண்டும். கிருமியோ, புற்றுநோய்ச் செல்லோ வேகவேகமாகப் பெருகுவது. அதற்கு இந்தத் தீனி அதிகம் தேவை. அசல் மாதிரியே இருக்கும் போலித் தீனியைக் கொடுத்து ஏமாற்றினால் என்ன?

எனக்கு இது புரியவில்லை. என் பெண் அலமாரியிலிருந்து அந்த பிஸ்கட் டின்னையே எடுத்தாள். உள்ளே ஒரு பழைய ஜிப் கிடந்தது. "இதுல ஒரு பல்லு மட்டும் கோணலா இருந்தா என்னாகும்?"

"பாதியிலே மாட்டிக்கும். ஏறாது."

"அதேதாம்மா. அந்தக் கோணல் பல்தான் உன் மஞ்சள் மாத்திரை!"

இந்தப் போலிப் பற்களைச் செய்யும் பொறுப்பு எலியனுக்கு. செய்ததையெல்லாம் முதலில் சோதித்தது எதில் தெரியுமா? பாலைப் புளிக்க வைக்கும் கிருமிகளின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு கிருமியில். போலித் தீனி போட்டதும் கிருமி பெருகாமல் நின்றால், சரக்கில் ஏதோ விஷயம் இருக்கிறது என்று அர்த்தம். தயிர் உறையவில்லையே என்று நாம் கவலைப்படுவோம். அந்த அம்மாளுக்கோ உறையாவிட்டால்தான் சந்தோஷம்!

தேறியவள் திரும்பி வந்தாள்

முதலில் டைஅமினோப்யூரின் என்று ஒன்று தேறியது. நியூயார்க்கில் ஸ்லோன்-கெட்டரிங் நிலையத்தில் டாக்டர் பர்ச்செனால் அதை ரத்தப் புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். பலருக்கு வாந்தி தாங்கவில்லை. ஆனால் 23 வயதுப் பெண் ஒருத்திக்கு நோய் மாயமாக மறைந்தது. ரத்தம் சுத்தமாகிவிட்டது. அவளுக்கு வந்தது அந்த நோய்தானா என்றே சந்தேகப்படும் அளவுக்குத் தேறிவிட்டாள். கல்யாணம் செய்துகொண்டாள். ஒரு குழந்தையும் பிறந்தது.

இரண்டு வருஷம் கழித்து நோய் திரும்பி வந்தது. அந்தப் பெண் இறந்துபோனாள்.

பல பத்து வருஷம் கழித்தும் அவளைப் பற்றிப் பேசும்போது எலியன் அம்மையாருக்குக் கண் கலங்குமாம். அதிலிருந்துதான் அவர்கள் ஒரு பாடம் கற்றார்கள். உடம்பு தேறியது வேறு, நோய் போனது வேறு. கண்ணுக்குத் தெரியாமல் நாலைந்து செல் ஒளிந்திருந்தாலும் போதும், மறுபடி தலையெடுத்துவிடும்.

மறுபடியும் ஆய்வுக்கூடத்துக்கே போனார். நூற்றுக்கும் மேற்பட்ட ப்யூரின் பொருள்களைச் செய்து பார்த்தார்கள். 1951-இல், ஆக்ஸிஜன் அணு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கந்தக அணுவை வைத்துச் செய்ததுதான் 6-எம்.பி. அதுவரை இந்த நோய் வந்த குழந்தைகள் பெரும்பாலும் மூன்று நாலு மாதத்துக்கு மேல் தாங்கவில்லை. இந்த மாத்திரை வந்ததும் அது சராசரி ஒரு வருஷமாயிற்று. 1953-இல் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது.

ஒரு வருஷம்தானா என்று கேட்கத் தோன்றுகிறது இல்லையா? எனக்கும் தோன்றியது. ஆனால் அந்த ஒரு வருஷத்தின் மேல்தான் மற்ற மருந்துகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக் கட்டினார்கள். இன்று நல்ல வசதியுள்ள மருத்துவமனையில், முழு வைத்தியமும் செய்தால், இந்த வகை நோய் வந்த பத்துக் குழந்தைகளில் எட்டுப் பேருக்கு மேல் பிழைக்கிறார்கள். மஞ்சள் மாத்திரை இன்றும் அந்த வைத்தியத்தில் இருக்கிறது.

பதினொரு ராத்திரி

என் பெண் அந்த 23 வயதுக்காரியின் கதையைச் சொல்லி முடித்தபோது என் கை நடுங்கியது. காரணம் இருக்கிறது.

2011 வைகாசியில் என் தம்பி கல்யாணம், மதுரையில். குழந்தைக்கு அப்போது முடியெல்லாம் வளர்ந்து, கன்னம் பூரித்து, தெருவில் பாண்டி விளையாட ஆரம்பித்திருந்தாள். புறப்படுகிற அவசரத்தில் மாத்திரையை எடுத்துக்கொள்ள மறந்துவிட்டேன். மதுரையில் தேடி வாங்கியிருக்கலாம். சென்னைக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். ஆனால் கல்யாண வீட்டில் எல்லோரும், "புள்ளை எவ்வளவு நல்லா இருக்கா! இன்னும் எதுக்கு அந்த விஷ மாத்திரை?" என்றார்கள். என் மாமியாரும், "ஏம்மா, நாலு நாள்தானே? அந்தப் பிஞ்சு வயிறும் கொஞ்சம் ஆறட்டுமே" என்றார். பாசத்தில் சொன்னதுதான், அவரைக் குறை சொல்லவில்லை. எனக்குமே உள்ளுக்குள் அப்படித்தான் இருந்தது.

நாலு நாள் கல்யாணம் முடிந்து ஊருக்கு வந்த பிறகும் நான் டின்னைத் திறக்கவில்லை. இன்று ஒரு நாள், நாளை ஒரு நாள் என்று தள்ளினேன். ராத்திரி தூக்கத்தில் எழுப்பி மாத்திரை கொடுக்காத வீடு, மற்ற வீடு மாதிரி இருந்தது. அந்த ருசிக்கு ஆசைப்பட்டுவிட்டேன்.

அடுத்த தடவை சென்னையில், "தினமும் கொடுக்கிறீங்களா?" என்று கேட்டார்கள். "கொடுக்கிறேன் டாக்டர்" என்றேன். மாத்திரை அட்டைகளையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். நர்ஸ் எண்ணிப் பார்த்தார். எட்டு மாத்திரை மிச்சம். ரத்த எண்ணிக்கையும் இருக்க வேண்டியதைவிட ஏறியிருந்தது.

டாக்டர் அம்மா என்னைத் திட்டவில்லை. "நல்லா இருக்கான்னு நிறுத்திட்டீங்க. அவ நல்லா இருக்கிறதே இந்த மாத்திரையாலதாம்மா" என்றார். அவ்வளவுதான். வெளியே வந்து பாத்ரூமில் போய் அழுதேன்.

திரும்பி வந்ததும் ஒரு பெரிய மாதக் காலண்டர் வாங்கி, டின்னுக்கு மேலே ஆணியடித்து மாட்டினேன். கொடுத்ததும் ஒரு டிக். அரை என்றால் அரை வட்டம், ஒன்று என்றால் முழு வட்டம். வைகாசியில் விட்டுப்போன பதினொரு கட்டத்தையும் காலியாகவே விட்டேன், கண்ணில் உறுத்தட்டும் என்று. அதற்கப்புறம் ஒரு ராத்திரிகூடத் தவறவில்லை. எங்கள் அதிர்ஷ்டம், நோய் திரும்பவில்லை. ஆனால் அதிர்ஷ்டத்தை நம்பி யாரும் இப்படிச் செய்யாதீர்கள்.

ஒரே டின்னில் நாலு மருந்து

என் பெண் இன்னும் ஒரு விஷயம் சொன்னாள், எனக்கு மெய்சிலிர்த்துப் போயிற்று. எங்கள் வீட்டுக்கு வந்த எலியன் மருந்து ஒன்றல்ல, நாலு!

மஞ்சள் மாத்திரை உடம்பில் சீக்கிரம் சிதைந்துவிடுகிறதே, அதைத் தடுக்க ஒரு மருந்து வேண்டும் என்று தேடியபோது கிடைத்தது அலோப்யூரினால். சிதைப்பதைத் தடுத்த அதே மருந்து, ரத்தத்தில் யூரிக் ஆசிட் சேர்வதையும் தடுத்தது. கால் கட்டைவிரல் வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போகும் கௌட் என்னும் மூட்டுவாதத்துக்கு அது வரப்பிரசாதமாயிற்று. 1966-இல் விற்பனைக்கு வந்தது. என் மாமனார் வருஷக்கணக்காகச் சாப்பிட்டு வந்த மாத்திரை இதுதான். குழந்தைக்கும் வைத்தியம் தொடங்கிய முதல் சில நாள் இதைக் கொடுத்தார்கள். புற்றுநோய்ச் செல்கள் கூட்டமாகச் சாகும்போது யூரிக் ஆசிட் எகிறி, சிறுநீரகத்தைக் கெடுத்துவிடுமாம்.

ஆனால் இதையும் கேளுங்கள். மஞ்சள் மாத்திரை சாப்பிடும்போது, டாக்டர் அளவை மாற்றித் தராமல் அலோப்யூரினாலும் சேர்ந்தால், மஞ்சள் மாத்திரையின் வீரியம் பல மடங்கு ஏறி ஆபத்தாகிவிடும். அதனால்தான் சென்னையிலிருந்து கிளம்பும்போது, "வீட்டில யாராவது யூரிக் ஆசிட் மாத்திரை சாப்பிடறாங்களா?" என்று கேட்டு, தனித்தனியாக வைக்கச் சொன்னார்கள். மாமனார் மாத்திரை ஹார்லிக்ஸ் பாட்டிலில் கூடத்து மாடத்துக்குப் போயிற்று, குழந்தையுடையது பிஸ்கட் டின்னில்.

மூன்றாவது, சனி ஞாயிறில் கொடுத்த கோ-டிரைமாக்சசோல். செப்ட்ரான் என்றால் உங்களில் பலருக்குத் தெரியும். எதிர்ப்புச் சக்தி குறைந்த குழந்தைகளுக்கு ஒருவகை நிமோனியா வராமல் காக்கும். அதில் கலந்திருக்கும் டிரைமெத்தோப்ரிம் அவர்கள் ஆய்வுக்கூடத்தில் பிறந்ததுதான்.

நாலாவது வந்தது 2012 மாசியில். பக்கத்து வீட்டுப் பையனுக்குச் சின்னம்மை. பத்துப் பதினைந்து நாளில் இவள் முதுகிலும் மூன்று கொப்புளம். எங்கள் வீட்டில் அம்மை வந்தால் வாசலில் வேப்பிலை, டாக்டரிடம் போவதில்லை. ஆனால் புற்றுநோய் மருந்து சாப்பிடும் குழந்தைக்குச் சின்னம்மை நுரையீரல், மூளை வரை போய் உயிருக்கே உலை வைக்கலாம். மாமியார் வாசலில் வேப்பிலை கட்டினார், நாங்கள் அன்று ராத்திரியே சென்னைக்குக் கார் பிடித்தோம். ஏழு நாள் டிரிப்பில் ஏறியது அசைக்ளோவிர். குழந்தை தேறியதும் அதே வேப்பிலைத் தண்ணீரில் தலைக்கு ஊற்றினார் மாமியார். மாரியம்மனுக்கும் மாவிளக்கு போட்டோம்.

அசைக்ளோவிர் 1970-களில் எலியன் குழுவின் சாதனை. வைரஸைக் கொல்ல வேண்டுமென்றால் நம் செல்லையும் சேர்த்துத்தான் கெடுக்க வேண்டும் என்று அதுவரை நம்பியிருந்தார்கள். இந்த மருந்தோ, வைரஸ் புகுந்த செல்லில்தான் விழித்துக்கொள்ளும். அதை எழுப்பிவிடுவதே வைரஸ்தான். திருடன் தன் கையாலேயே விலங்கு மாட்டிக்கொள்கிற மாதிரி! அக்கிக்கும் இன்று இதைத்தான் கொடுக்கிறார்கள். தான் செய்தவற்றில் இதுவே கடைசி ரத்தினம் என்று பெருமையாகச் சொல்வாராம் எலியன்.

இவை போக, மஞ்சள் மாத்திரையிலிருந்தே வந்த அசதையோப்ரின் இருக்கிறது. வேறொருவர் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் ஏற்கச் செய்த மருந்து. 1954-இல் இரட்டையருக்குள் மட்டுமே முடிந்த சிறுநீரக மாற்று, 1962-இல் உறவே இல்லாதவர்களுக்குள்ளும் முடிந்தது இதனால்தான்.

பட்டமில்லாத தலைவி

இத்தனையும் செய்தவருக்கு டாக்டர் பட்டம் கிடையாது! வேலை பார்த்துக்கொண்டே ராத்திரி வகுப்பில் ப்ரூக்ளின் பாலிடெக்னிக்கில் சேர்ந்திருந்தார். இரண்டு வருஷம் போனபின், 'வேலையை விட்டு முழு நேரம் வந்தால்தான் பட்டம்' என்றார்கள். படிப்பை விட்டார். அந்த முடிவு அவரை எவ்வளவு உறுத்தியிருக்கும் என்று, பிளஸ் டூவோடு நின்ற எனக்குத் தெரியும். ஆனால் அவர் நின்றது படிப்புக்காகத் தவித்துக்கொண்டல்ல, வேலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு.

1967-இல் அந்தக் கம்பெனியின் பரிசோதனைச் சிகிச்சைப் பிரிவுக்கே அவரைத் தலைவியாக்கினார்கள். ரசாயனம், மருந்தியல், வைரஸ் ஆராய்ச்சி என்று எல்லாத் துறையினரும் அவர் கீழே. 1983-இல் ஓய்வு பெற்றார். அவர் பழக்கிவிட்ட குழுதான் பிறகு எய்ட்ஸ் நோய்க்கு முதல் மருந்தான ஏ.இசட்.டி.யைக் கொண்டுவந்தது. 1987-இல் அதற்கு அனுமதி கிடைத்தது.

1988-இல் ஒருநாள் அதிகாலை முகம் கழுவிக்கொண்டிருந்தபோது போன் மணி அடித்தது. நிருபர் ஒருவர் நோபல் பரிசுக்கு வாழ்த்துச் சொன்னார். யாரோ கேலி செய்கிறார்கள் என்றே நினைத்தாராம்! ஹிட்சிங்ஸ், பிரிட்டனின் ஜேம்ஸ் பிளாக், எலியன் மூவருக்குமாக மருத்துவப் பரிசு. அப்போது அவருக்கு வயது 70. அடுத்த வருஷம் அந்தப் பாலிடெக்னிக்கே கூப்பிட்டுக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது.

நம் வீட்டில் கவனிக்க

வாசகிகளுக்கு, பட்ட அனுபவத்தில் நாலு வார்த்தை. குழந்தைகளுக்கு வரும் காய்ச்சலில் பெரும்பாலானது சாதாரணக் காய்ச்சல்தான், பயப்பட வேண்டாம். ஆனால் காய்ச்சல் வாரக்கணக்கில் நீண்டு, முகம் வெளுத்து, அடிபடாமலே உடம்பில் நீலத் திட்டுகள், கால் எலும்பு வலி என்று சேர்ந்தால் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள்.

நீண்டநாள் மாத்திரை சாப்பிடுகிறவர் யாராயிருந்தாலும் காலண்டரில் டிக் போடுங்கள். ஊருக்குப் போனால் துணிக்கு முன்னால் மாத்திரையைப் பெட்டியில் வையுங்கள். ஒவ்வொருவர் மருந்தும் தனி டப்பாவில் இருக்கட்டும். வேறு டாக்டரிடம் போனால் ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள். ஒரு வேளை தவறிவிட்டால் நீங்களாக இரண்டு வேளை மருந்தைச் சேர்த்துக் கொடுக்காதீர்கள், டாக்டரைக் கேளுங்கள். தவறியதை மறைக்காதீர்கள். நான் பொய் சொன்னபோது ஏமாந்திருக்கக்கூடியவள் டாக்டர் அல்ல, என் குழந்தை.

அன்று ராத்திரி பதினொரு நாள் கதையை என் பெண்ணிடம் சொல்லிவிட்டேன். அவளுக்கு அதுவரை தெரியாது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "அந்தக் காலண்டர் இருக்காம்மா?" என்று கேட்டாள். பரணிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வைகாசித் தாளை வெகுநேரம் பார்த்தாள்.

"இதை வகுப்புக்கு எடுத்துட்டுப் போகட்டுமா? மருந்து கண்டுபிடிக்கிறது பாதி வேலைதான்னு காட்டணும்."

எடுத்துப் போனாள். என் மானம் போனால் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

எலியன் அம்மையாருக்கு உலகமெங்கிலுமிருந்து நோயாளிகளும் பெற்றோரும் கடிதம் எழுதுவார்களாம். அவற்றையெல்லாம் பத்திரமாக வைத்திருந்தாராம், பரிசுகளைவிட உயர்வாக. எனக்கு எழுத வேண்டும் என்று தோன்றும்போது அவர் இல்லை. 1999-லேயே, தம் 81-ஆவது வயதில் காலமாகிவிட்டார். என் பெண் பிறப்பதற்கு ஆறு வருஷம் முன்பே!

அதனால் அந்தக் கடிதத்தை இங்கே எழுதிவிட்டேன். அம்மா, உங்கள் மாத்திரையைப் பதினொரு ராத்திரி கொடுக்காமல் விட்டேன், மன்னியுங்கள். மற்ற ராத்திரிகளெல்லாம் கொடுத்தேன். பெண் நன்றாக இருக்கிறாள். அவளும் மருந்துதான் படிக்கிறாள்.